பாஸ்வேர்டு சரி, சாவி வேறு

செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் பக்கத்தில் நெல் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அன்றைக்கு வந்த மூட்டை எத்தனை, எந்த ரகம் என்ன விலைக்குப் போனது என்ற கணக்கைச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆலைக்காரர்களுக்கு மெயிலில் அனுப்ப, அவர் கம்ப்யூட்டரில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஒருநாள் அது நின்றுபோனது. கறுப்புத் திரையில் 535 என்று ஓர் எண். ஏழெட்டு முறை பாஸ்வேர்டை அடித்துப் பார்த்துச் சலித்தபின் எனக்கு போன் செய்தார். அன்று அவர் சொன்னவற்றையும், இந்த வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்பவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: பிரவுசரில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது. கோளாறு ஜிமெயிலில்தான்.

உண்மை: பிரவுசரில் நுழைவது வேறு, ஸ்கிரிப்ட் நுழைவது வேறு. தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டோடு வரும் செயலிகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் கதவடைத்துவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி, அதைத்தான் ஸ்கிரிப்டில் தர வேண்டும். திரையில் அது நான்கு நான்கு எழுத்தாகப் பிரிந்து தெரியும். காப்பி செய்யும்போது இடையில் கண்ணுக்குத் தெரியாத வேறுவகை இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தால், பைத்தான் எழுத்துக்குறிப் பிழை காட்டி நிற்கும். இடைவெளியில்லாமல் கையால் அடிப்பதே நிம்மதி.

நம்பிக்கை: செட்டிங்கில் ‘பாதுகாப்பு குறைந்த செயலிகள்’ ஸ்விட்சைப் போட்டால் போதும்.

உண்மை: பழைய வீடியோக்களில் மட்டும்தான் அந்த ஸ்விட்ச் இருக்கிறது. மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி விதிகள் 1982-இல் வந்தபோது, அனுப்புகிறவர் யார் என்று கேட்கும் வழக்கமே அதில் இல்லை. அந்தக் கேள்வி 1999-இல்தான் முறையான விதியாகச் சேர்ந்தது. அதன்பிறகு பூட்டுக்கு மேல் பூட்டு. அவுட்லுக் டாட் காமும் 2024 செப்டம்பர் 16 முதல் வெறும் பாஸ்வேர்டு வழியை மூடிவிட்டது. அங்கே பாஸ்வேர்டுக்குப் பதிலாக டோக்கனைக் காட்டி நுழையும் ஓஆத் முறைதான் வழி.

நம்பிக்கை: ஸ்கிரிப்டை யாரும் தொடவில்லை. நேற்று ஓடியது இன்றும் ஓட வேண்டும்.

உண்மை: நண்பரின் சிக்கல் இங்கேதான் இருந்தது. முந்தின நாள் ஏதோ சந்தேகத்தில் கூகுள் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். அப்படி மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் செல்லாக்காசு. ஓஆத் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பொறி உண்டு: கூகுள் ப்ராஜெக்டைச் சோதனை நிலையிலேயே விட்டிருந்தால், ஏழே நாளில் டோக்கன் காலாவதியாகிவிடும். ஒவ்வொரு வாரமும் ஸ்கிரிப்ட் படுத்துக்கொள்கிறதா? முதலில் இதைப் பாருங்கள்.

நம்பிக்கை: போர்ட் 587 ஆனால் என்ன, 465 ஆனால் என்ன?

உண்மை: 465-இல் முதல் எழுத்திலிருந்தே பூட்டிய பேச்சு. 587-இல் சாதாரணமாகத் தொடங்கி, ஸ்டார்ட் டிஎல்எஸ் சொன்னபிறகே பூட்டு விழும். ஒன்றின் முறையை மற்றதில் பயன்படுத்தினால் இணைப்பு தொங்கும், அல்லது ‘வெர்ஷன் நம்பர் தப்பு’ என்று வரும். பாஸ்வேர்டில் கை வைத்துப் பயனில்லை.

நம்பிக்கை: 235 வந்துவிட்டது, மெயில் போய்ச் சேர்ந்துவிடும்.

உண்மை: செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறியவர்களுக்குத் தெரியும். வாசல் வாசலாகத் தாண்டி மூச்சு வாங்க உச்சிக்கு அருகில் போனால், எதிரே ஒரு பாறைப்பிளவு. அதன்மேல் இருக்கும் சிறு பாலத்தைக் கடந்தால்தான் மேல்கோட்டை. 235 என்பது வாசல்காரன் ‘உள்ளே போ’ என்றது மட்டும்தான். பாலம் பாக்கி இருக்கிறது. சொந்த டொமைனிலிருந்து அனுப்பினால், மெயில் அந்த டொமைனுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் சரியாக இருக்க வேண்டும். ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் விதி. அவை இல்லையென்றால் மெயில் திரும்பி வரும், அல்லது ஸ்பாமில் கிடக்கும்.

நம்பிக்கை: ஆப் பாஸ்வேர்டுதானே, ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடலாம்.

உண்மை: அது இரண்டாம் அடுக்கைக் கேட்காமலே திறக்கும் சாவி. கையில் கிடைத்தவர் உங்கள் பெயரில் அனுப்பலாம், உங்கள் மெயில்களைப் படிக்கவும் செய்யலாம். ஸ்கிரிப்டுக்கு வெளியே, என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள்.

நண்பர் புது ஆப் பாஸ்வேர்டு போட்டார், அன்றைய விலைப்பட்டியல் ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது கடைச் சுவரில், தினசரி காலண்டர் அட்டையின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கிறார்: ‘534 – ஆப் பாஸ்வேர்டு கேட்கிறான். 535 – கொடுத்தது செல்லாது. 235 – உள்ளே விட்டான்.’