கிளி வளர்ப்பும் கிளிப் படமும்

கிராமத்து வீட்டுத் திண்ணைகளில் பச்சைக்கிளிக் கூண்டு தொங்கிய காலம் ஒன்று உண்டு. பனைமரப் பொந்திலிருந்து குஞ்சை எடுத்து வந்து, பழமும் சோறும் ஊட்டி வளர்ப்பார்கள். இன்று அப்படி வளர்க்க இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், கூண்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். சிறையும் அபராதமும் உண்டு. இந்தச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன.

ஆனால் பிள்ளைகளுக்குக் கிளி மேல் உள்ள ஆசை சட்டத்தால் போய்விடுவதில்லை. அந்த ஆசைக்கு ஏற்ற பறவை, கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் சின்னக் கிளி. இதன் சரியான பெயர் பட்ஜரிகர். இதை வாங்கிய பல வீடுகளில் சில மாதங்களில் ஒரே பேச்சுத்தான் கேட்கிறது: "நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தால் செத்துக் கிடந்தது."

உண்மையில் அது நேற்று நன்றாக இருந்திருக்காது. கூட்டமாக வாழும் சிறு பறவைகள் நோயை வெளிக்காட்டுவதில்லை. சோர்ந்து நிற்கும் பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும் என்பதால், நிற்க முடிகிற வரை நன்றாக இருப்பது போலவே நிற்கும். மாடு காதைத் தொங்கவிட்டால் உடனே கண்டுகொள்ளும் விவசாயிக்கு, கம்பிக்குப் பின்னால் இருக்கும் 35 கிராம் உயிரின் வாட்டம் தெரிவதில்லை. அந்தப் பார்வையைப் பழக்க எளிய வழி ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை பறவையைப் பார்த்துப் படம் வரைவதே அது.

எந்தக் கிளி, எத்தனை வயது?

பட்ஜரிகரின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகள். 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவையியலார் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு உலகெங்கும் கூண்டிலேயே பெருகிய பறவை இது. வெளிநாட்டுக் கிளிகளில் பலவற்றைப் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும். பட்ஜரிகருக்கு அந்தப் பதிவு தேவையில்லை.

வாங்கும்போது ஆறு முதல் எட்டு வார வயதுள்ள பறவையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இளம் பறவைக்கு நெற்றியிலிருந்து மூக்கு வரை கறுப்புக் கோடுகள் இருக்கும்; கண் முழுவதும் கறுப்பாக இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்த பின் நெற்றிக் கோடுகள் மறையும். பிறகு கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும். வளர்ந்த பறவையில் மூக்குச் சதை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். சில நிறவகைகளுக்கு மட்டும் இந்த அடையாளம் பொருந்தாது.

ஒற்றைப் பறவை துணையின்றி வாடும். ஆகவே இரண்டாக வளர்ப்பதே முறை. குஞ்சு வேண்டாம் என்றால் கூண்டில் பானை கட்டாமல் இருந்தால் போதும், பெரும்பாலும் முட்டையிடாது. பானை கட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். சுமார் 18 நாளில் குஞ்சு பொரிக்கும். ஐந்து வாரத்தில் குஞ்சு வெளியே வரும். ஆண்டுக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் விட்டால் தாய்ப்பறவை மெலிந்துவிடும்.

கூண்டு

ஒரு ஜோடிக்கு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் குறைந்த அளவு. கிளி குறுக்காகப் பறப்பதால் உயரத்தைவிட நீளமே முக்கியம். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. புதிய துத்தநாகப் பூச்சு வலையை வினிகர் தொட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். பூச்சின் துகளைக் கொத்தித் தின்றால் நஞ்சாகும்.

உட்கார வேப்பங்குச்சி, கொய்யாக் குச்சி போன்றவற்றை வெவ்வேறு பருமனில் கட்டலாம். ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சியில் எப்போதும் உட்கார்ந்தால் பாதத்தில் புண் வரும். அடுப்புப் புகை படும் இடத்தில் கூண்டு வேண்டாம். நான்-ஸ்டிக் பாத்திரம் காய்ந்து தீய்ந்தால் வரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். எறும்பு ஏறாமல் இருக்கக் கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். கோடையில் பறவை வாயைத் திறந்து, சிறகை விலக்கி மூச்சு வாங்கினால் நிழலுக்கு மாற்றி, ஒரு பக்கம் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும்.

தீனி

சிறு விவசாயிக்கு இதில் ஒரு வசதி உண்டு. தினை, சாமை, கம்பு ஆகியவை சொந்த நிலத்திலேயே கிடைக்கும். ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு இரண்டு தேக்கரண்டி போதும். முற்றிய தினைக் கதிரை அப்படியே கட்டித் தொங்கவிட்டால் கொத்தித் தின்னும். முருங்கைக்கீரை, கொத்தமல்லித் தழை சிறிதளவு கொடுக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைக் கம்பியில் செருகி வைக்க வேண்டும். தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்ற வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் மிக முக்கியம். முதலாவது, கிளி தானியத்தை உரித்துத் தின்று உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். பார்வைக்குக் கிண்ணம் நிறைந்திருக்கும். உள்ளே ஒரு மணி தானியம் இராது. நிறைந்த கிண்ணத்தின் முன் பட்டினியால் செத்த பறவைகள் உண்டு. தினமும் காலையில் உமியை ஊதிவிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, விதைப்புக்காக மருந்து கலந்து விதை நேர்த்தி செய்த கம்பையோ தினையையோ மீதம் என்று கிளிக்குப் போடக் கூடாது. மருந்து தெளித்த கீரையும் அப்படியே. ஒரு கோழி தாங்கும் நஞ்சை இந்தப் பறவை தாங்காது.

படம் வரையும் முறை

1830-ல் எட்வர்ட் லியர் என்ற 18 வயது இளைஞர் லண்டன் மிருகக்காட்சிசாலையில் கிளிகளை வரையத் தொடங்கினார். அந்நாளில் பாடம் செய்து பஞ்சடைத்த பறவைகளைப் பார்த்து வரைவதே வழக்கம். லியர் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்தார். பராமரிப்பாளர் பறவையைப் பிடித்துக்கொள்ள, இவர் அளவெடுத்துக் குறித்துக்கொண்டார். 1832-ல் 42 படங்களோடு அந்த வரிசை நிறைவடைந்தது. அந்தக் கிளிகள் இன்றும் உயிருள்ளவை போலத் தெரிவதற்குக் காரணம், வரைவதற்கு முன் அவர் பார்த்ததுதான்.

பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். கோடு போடாத ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஓர் அழிரப்பர் போதும். ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், கூண்டிலிருந்து நான்கு அடி தள்ளி உட்கார வேண்டும். காலை வெயில் தணிவாக விழும் நேரம் நல்லது. முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடாமல் பறவையை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு வரைய வேண்டிய வரிசை இது:

முதலில் பறவை உட்கார்ந்திருக்கும் குச்சிக்கு ஒரு கோடு. அதற்கு மேல், உச்சந்தலையிலிருந்து வால் நுனி வரை ஒரு சாய்கோடு. பறவை எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்பதை இந்தக் கோடே சொல்லும்.

அந்தக் கோட்டின் மேல் தலைக்கு ஒரு வட்டம், உடலுக்கு நீண்ட மாங்கொட்டை வடிவம். கிளிக்குக் கழுத்து தனியாகத் தெரியாது. தலை உடலோடு வழுக்கி இறங்கும்.

அடுத்து அலகு. பெரும்பாலோர் கழுகின் அலகுபோல நீட்டி வரைந்துவிடுவார்கள். உண்மையில் பாதி அலகு முக இறகுக்குள் புதைந்திருக்கும். அதற்கு மேலே மூக்குச் சதையும் இரண்டு துளைகளும் இருக்கும். துளைகள் உலர்ந்து திறந்திருக்கின்றனவா என்று பார்த்து வரைய வேண்டும்.

பிறகு கண். முழுதாகத் திறந்திருந்தால் வட்டம், சொருகியிருந்தால் கீற்று. கண்டதை மட்டுமே வரைய வேண்டும்.

சிறகும் வாலும் அடுத்தவை. மடித்த சிறகின் நுனி வாலின் அடியில் படிந்திருக்கும். வாலில் நடுவிலுள்ள இரண்டு இறகுகள் நீளமானவை.

கடைசியில் கால். கோழிக்கு முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. கிளிக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. இதைத் தவறின்றி வரையும் பிள்ளை பார்த்து வரைகிறது என்று அறியலாம். மூன்று விரல் போடும் பிள்ளை நினைவிலிருந்து வரைகிறது.

கழுத்துப் பொட்டுகளும் சிறகுக் கோடுகளும் முடிவில் சேர்த்தால் போதும். பறவை அசைந்தால் கோபப்படாமல், பக்கத்தில் இன்னொரு படம் தொடங்கலாம். ஒரு பக்கத்தில் நான்கு அரைகுறைப் படங்கள் இருப்பது, பார்க்காமல் வரைந்த ஓர் அழகான படத்தைவிட மேல்.

படத்துக்குக் கீழே எழுத வேண்டியவை

தேதி, பறவையின் எடை, எச்சத்தின் நிறம் ஆகிய மூன்றும் போதும். எடைக்கு, ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின் தராசு வேண்டும். காற்றுத் துளையிட்ட சிறு அட்டைப் பெட்டியில் பறவையை விட்டு நிறுத்தி, பெட்டி எடையைக் கழிக்க வேண்டும். வளர்ந்த பறவை 30 முதல் 40 கிராம் வரை இருக்கும். 35 கிராம் பறவை 32-க்கு இறங்கினால் மூன்று கிராம்தானே என்று விட்டுவிடக் கூடாது. உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அது.

படத்தில் தெரியும் நோய்

நான்கு வாரப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மாற்றம் தானே தெரியும். மூன்று வாரம் மாங்கொட்டையாக இருந்த உடல் நான்காம் வாரம் பந்தாக வந்திருந்தால், பறவை குளிருக்கு இறகைச் சிலிர்த்துக்கொண்டிருக்கிறது. சாய்கோடு படுத்துவிட்டால் நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லை. பகலில் கண்ணைக் கீற்றாக வரைய நேர்ந்தாலும், சிறகு நுனி தொங்கினாலும், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினாலும் அவை நோயின் குறிகள். அலகைச் சுற்றித் தேன்கூடு போன்ற வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அது உண்ணி வகைப் பூச்சியின் வேலை, மருத்துவரால் குணமாகும்.

இந்தக் குறி கண்ட அன்றே பறவையைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, கூண்டின் ஒரு பக்கம் மட்டும் மிதமான வெப்பம் படும்படி செய்து, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோட்டையும் எடுத்துப் போவது நல்லது. பறவை எப்போது மெலியத் தொடங்கியது என்ற கேள்விக்கு அதுவே பதில் சொல்லும். கோழிக்கு வாங்கிய மருந்தை அளவு தெரியாமல் புகட்டக் கூடாது. ஒன்றரைக் கிலோ கோழி 30 கிராம் கிளியைப் போல் ஐம்பது மடங்கு.

கூண்டைச் சுத்தம் செய்யும்போது எச்சத்தை உலர்ந்தபடி சுரண்டாமல், தண்ணீர் தெளித்து நனைத்த பின் எடுக்க வேண்டும். கிளிக் காய்ச்சல் என்ற நோய் அந்தத் தூசி வழியாக மனிதருக்கும் வரும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், கிளி வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பச்சைக்கிளி வைத்திருப்போர்

ஏற்கெனவே பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் பயந்து கூண்டைத் திறந்துவிடுவது சரியல்ல. கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடவும், பகை அறியவும் தெரியாது. அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதே அதற்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது. வெளிநாட்டுச் சின்னக் கிளியையும் இவ்வாறு வெளியே விட்டுவிடக் கூடாது.

பச்சைக்கிளியைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் கூண்டு தேவையில்லை. சூரியகாந்தி வயலுக்கும் கொய்யாத் தோப்புக்கும் அது தானே வரும். நோட்டோடு வரப்பில் உட்கார்ந்தால் சிவந்த அலகும், நீண்ட வாலும், வளர்ந்த ஆண் கிளியின் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த வளையமும் காணலாம். பெண் கிளிக்கு அந்த வளையம் இராது.

வாரம் கால் மணி நேரம் செலவிட்டால் ஓராண்டில் ஐம்பத்திரண்டு படங்கள் சேரும். முதல் படத்தில் கிளி காக்கையைப் போல் இருக்கலாம், அதனால் குறையில்லை. அதற்குள் பிள்ளைக்கு வந்துவிடும் பார்வை, நாளை கன்று தீனி எடுக்காத அன்றும், நாற்றின் இலை நிறம் மாறிய அன்றும் வீட்டுக்கு உதவும்.