புதிய சீமெந்து நிலம்: பூச்சுக்கு அவசரப்படாதீர்கள்

மீள்குடியேறிய பின் தச்சு வேலைக்கோ மோட்டார் சைக்கிள் திருத்தவோ சிறு வேலைத்தளம் கட்டியுள்ளீர்களா? பூச்சு இல்லாத சீமெந்து நிலத்தில் எண்ணெய் ஊறும், தூசு கிளம்பும். ஆனால் ஈரம் போகுமுன் பூசினால் பூச்சு கொப்பளித்து உரியும். செலவழித்த பணம் வீணாகும்.

1. கொங்கிறீற் இட்ட மறுநாளிலிருந்து 7 நாட்களாவது சாக்கால் மூடி, சாக்கு காயாமல் தண்ணீர் ஊற்றுங்கள். நிலத்துக்கு உறுதி தருவது இதுவே.

2. கொங்கிறீற் இட்டு 28 நாட்களாவது ஆகும்வரை பூச வேண்டாம். மாரி காலத்தில் மேலும் பொறுக்க வேண்டியிருக்கும்.

3. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாளை நிலத்தில் விரித்து, நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி இருந்தாலோ நிலம் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் உண்டு.

4. காய்ந்த நிலத்தில் சில துளி தண்ணீர் விடுங்கள். ஊறினால் பூச்சுப் பிடிக்கும். முத்தாக நின்றால் நிலம் மிக வழுவழுப்பானது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அரத்தாளால் தேயுங்கள்.

5. தூசை முற்றாக அகற்றி, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். இடைவெளி நேரத்தைப் பேணியில் பாருங்கள்.

காத்திருக்கும் நாட்களில் முற்றத்து மர நிழலில் வேலையைத் தொடங்கலாம்.