தளவானூரில் ஒரு திறந்த வன்பொருள் மடிக்கணினி

பேட்டரியைக் கழற்ற முடியாது, ரேமை மாற்ற முடியாது, போர்டு போனால் புதிது வாங்கு. இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. பெர்லினில் உள்ள எம்என்டி ரிசர்ச் நிறுவனம் 2020-இல் கூட்டுநிதி திரட்டிக் கொண்டுவந்த ‘ரிஃபார்ம்’ இதற்கு நேர் எதிர். மதர்போர்டு, கீபோர்டு, உறை எல்லாவற்றின் வரைபடங்களும் பொதுவில் இருக்கின்றன. யாரும் திருத்தலாம், செய்து விற்கலாம். செய்த திருத்தத்தையும் அதேபோல் பொதுவில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். செஞ்சிப் பக்கத்துத் தளவானூரில் இருந்துகொண்டு இதையே அன்றாடக் கணினியாக வைத்துக்கொள்ள முடியும். சில ஏற்பாடுகள் வேண்டும்.

முதலில் வரவழைப்பது. 2023 ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோதும், தபாலிலோ கூரியரிலோ வரும் ஒற்றைக் கணினிக்கு உரிமம் தேவையில்லை என்று விலக்கு தந்தார்கள். சுங்க வரி உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டும். முகவரியில் தாலுகாவையும் பின்கோடையும் தெளிவாக எழுதுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையிலும் ஒரு தளவானூர் இருக்கிறது. மகேந்திரவர்மன் குடைவரை உள்ள செஞ்சிப் பக்கத்துத் தளவானூர் எது என்று கூரியர்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது பேட்டரி. இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். முதல் ரிஃபார்மில் 18650 அளவுள்ள 8 தனித்தனி செல்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, ஒவ்வொன்றும் 3.2 வோல்ட். பவர் பேங்கிலும் டார்ச்சிலும் வரும் சாதாரண லித்தியம் அயான் செல்லும் அச்சு அசலாக இதே அளவுதான். ஆனால் அது 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வரை போகும். கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று சொன்னாலும் அதைப் போடாதீர்கள். இதன் சார்ஜர் சர்க்யூட் அந்த வோல்டேஜுக்காகச் செய்யப்பட்டதல்ல. செல்லின் மேல் 3.2 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். மல்டிமீட்டரால் எட்டையும் அளந்து, ஏறக்குறைய ஒரே வோல்டேஜில் இருந்தால் மட்டும் பொருத்துங்கள். பிளஸ், மைனஸ் திசையைப் போர்டில் பார்த்துப் போடுங்கள்.

இந்த வகை செல் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. நம் ஊர் வெயிலுக்கு நல்லது. முழு சார்ஜில் ஏறக்குறைய 5 மணி நேரம் ஓடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தும் மின்சாரம் பிற்பகல் 2 மணிக்கு வந்துவிட்டால் தப்பிக்கலாம். ஒரு குறை உண்டு. ஆரம்பகால போர்டுகள் அணைத்து வைத்திருந்தாலும் செல்லிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பல வாரம் வெளியூர் போனால் செல்கள் அடியோடு இறங்கிக் கெட்டுவிடும். போகும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, இயங்குதளம். டெபியன் லினக்ஸ் எஸ்டி கார்டில் இருந்து கிளம்பும். வந்த அன்றே அதே டெபியனை இன்னொரு கார்டில் எழுதி மேசை டிராயரில் போட்டுவையுங்கள். ஏதாவது அப்டேட் சொதப்பினால் கார்டை மாற்றி வேலையைத் தொடரலாம். சொந்தக் கோப்புகள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். தமிழுக்கு க்னோம் திரைச்சூழலில் ஐபஸ், அதனுடன் எம்17என் தொகுப்பு. அமைப்புகளில் தமிழ்99-ஐச் சேர்த்தால் முடிந்தது.

எது ஓடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இதில் இருப்பது போனில் இருப்பதுபோன்ற ஆர்ம் சிப். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் நடத்துபவருக்கு இது ஆகாது. கேமராவும் மைக்கும் வேண்டுமென்றே வைக்கப்படவில்லை. ஆன்லைன் வகுப்புக்கு யூஎஸ்பி வெப்கேமும் ஹெட்செட்டும் தனியாக வாங்க வேண்டும். முதல் மாடலில் ரேம் 4 ஜிபிதான். பிரௌசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைப்பவர்கள், பிறகு வந்த வேகமான புராசஸர் மாட்யூலைப் பார்க்கலாம். பழைய உடலிலேயே அதை மாட்டிக்கொள்ள முடிகிறது. இந்தக் கணினியின் பெரிய லாபமே அதுதான் என்பேன்.

கடைசியாகப் பழுது. நெட் இருக்கும்போதே சர்க்யூட் வரைபடத்தையும் கையேட்டையும் இறக்கி, போனிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். செஞ்சியிலோ விழுப்புரத்திலோ நன்றாக சால்டரிங் செய்யும் மொபைல் சர்வீஸ் கடைக்காரரோடு முன்னதாகவே பழகி வையுங்கள். “எங்களுக்கு இதெல்லாம் தெரியாதே” என்றால் வரைபடத்தைக் காட்டுங்கள். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மீதி அவர் கைக்குப் பழகிய வேலை. லினக்ஸ் சந்தேகங்களுக்கு விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பக்கத்திலேயே இருக்கிறது.

எல்லாமே திறந்தது என்றும் நம்பிவிட வேண்டாம். சிப்பின் உள்ளமைப்பு அதைச் செய்த என்எக்ஸ்பி நிறுவனத்திடம்தான் இருக்கிறது. ரேமைத் தயார் செய்யும் சிறு நிரல் ஒன்றும் மூடியதே. சென்னை ஐஐடியில் ‘சக்தி’ என்ற திறந்த புராசஸரை உருவாக்கியிருக்கிறார்கள். அதை வைத்த மடிக்கணினி இன்னும் கடைக்கு வரவில்லை.

வீட்டில் ஒரே கணினிதான், அதில்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றால் ரிஃபார்ம் வாங்காதீர்கள். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த இலவச மடிக்கணினி ஒன்று பரணில் கிடந்தால், அதைத் துடைத்து ஒரு எஸ்எஸ்டி போட்டு டெபியன் ஏற்றிக்கொடுங்கள். மல்டிமீட்டரைக் கையில் எடுக்கத் தயங்காதவர், எழுத்தும் நிரலும் அன்றாட வேலையாக உள்ளவர், இன்னொரு கணினியும் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம்.