சோதனை முதலிலா, சமையலறை முதலிலா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பத்துக் குடும்பங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. பிளாஸ்டிக்கை வளைய வைப்பதற்காகச் சேர்க்கும் தாலேட், கெட்டி பிளாஸ்டிக்கிலும் டின் உட்பூச்சிலும் இருக்கும் பிஸ்பீனால் ஏ ஆகியவை நம் ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடுபவை. இவை உணவு வழியாக உடம்பில் சேர்வதைக் குறைக்க எது நல்ல வழி என்று பார்த்தார்கள். ஐந்து குடும்பங்களுக்கு, பிளாஸ்டிக் படாமல் சமைத்த சாப்பாட்டை ஐந்து நாள் கொடுத்தார்கள். மற்ற ஐந்து குடும்பங்களுக்கு எதைத் தவிர்க்க வேண்டும் என்று அச்சடித்த அறிவுரைத் தாள் மட்டும் கொடுத்தார்கள்.

தாள் வாங்கியவர்களிடம் சொல்லும்படியான மாற்றமில்லை. சுத்தமான சாப்பாடு சாப்பிட்டவர்களின் சிறுநீரிலோ டி.இ.எச்.பி. என்ற தாலேட்டின் எச்சம் இருபது மடங்குக்கு மேல் ஏறியிருந்தது! சமையலுக்குப் போன பொருள்களை எடுத்துச் சோதித்தார்கள். மல்லித்தூளில் அது மண்டிக் கிடந்தது, பாலிலும் இருந்தது.

அது அங்கே வாங்கிய மல்லித்தூளின் கதை. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உடம்பைச் சோதிப்பதா, பழக்கத்தை மாற்றுவதா என்று குழம்பும் எவருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது. வெறும் அறிவுரை பயன் தரவில்லை. சோதனை இல்லாவிட்டால் மல்லித்தூள் அகப்பட்டிருக்காது.

முதலில் சிறுநீர்ச் சோதனையைப் பார்ப்போம். வீட்டிலேயே மாதிரி எடுத்துத் தபாலில் அனுப்பும் பெட்டிகள் அமெரிக்காவில் விற்பனையில் உள்ளன. நம் தெருமுனை லேபில் இது வழக்கத்தில் இல்லை. இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: பிஸ்பீனால் ஏ சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். தாலேட்டும் அப்படித்தான். ஆகவே இன்று எடுத்த மாதிரி, நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எதைப் பூசினீர்கள் என்பதைச் சொல்லுமே தவிர உங்கள் ஆண்டுக்கணக்கைச் சொல்லாது. 2011இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சிலருக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு கிண்ணம் டின் சூப் கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாகச் சமைத்த சூப் குடித்த நாள்களைவிட பிஸ்பீனால் ஏ பத்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அந்த வாரத்தில் சோதித்தால் ஒரு எண், அடுத்த வாரம் சோதித்தால் வேறொரு எண்.

எனவே ஒரே ஒரு முறை சோதித்துவிட்டு அந்த எண்ணை வைத்துக் கலங்குவது வீண். சோதிப்பதானால் இரண்டு முறை சோதியுங்கள்: மாற்றத்துக்கு முன் ஒன்று, மாற்றி ஒரு வாரம் கழித்து ஒன்று. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் மாதிரிகளைச் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது. நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் எண் தானாகக் குறையும். அதைச் சரிக்கட்ட, சிறுநீரிலுள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவையும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். இந்த எண்ணுக்கு மருந்து கிடையாது. நச்சை வெளியேற்றுகிறோம் என்று மாத்திரையோ கஷாயமோ விற்பவர்களை நம்பாதீர்கள். வெளியேற்றும் வேலையை உடம்பே செய்துகொண்டிருக்கிறது. உள்ளே வருவதைக் குறைப்பதுதான் நம் பங்கு.

இரத்தச் சோதனை வேறு கதை. தைராய்டு, ஈஸ்ட்ரோஜன் அளவுகளைப் பார்ப்பது ஹார்மோனின் நிலையைச் சொல்லும். எந்த வேதிப்பொருள் உள்ளே இருக்கிறது என்று சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டுபவர்கள் பலர். பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், ஒட்டாத பாத்திரப் பூச்சுகளோடும் தீயணைப்பு நுரையோடும் தொடர்புடைய பொருள்களுக்கு இரத்தச் சோதனை பொருத்தமானது. அவற்றில் சில, பாதியாகக் குறையவே ஆண்டுகள் எடுக்கும். குடிநீரில் அவை கலந்ததாகத் தெரிந்த ஊரில் வசிப்பவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். மற்றவர்களுக்கு அவசரமில்லை.

இனி மாற்றத்தின் பக்கம். 2011இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பங்கள் மூன்று நாள் டின்னும் பாக்கெட்டும் இல்லாத புதுச் சமையலைச் சாப்பிட்டன. பிஸ்பீனால் ஏ சராசரியாக 66 சதவீதம் இறங்கியது. 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு கலிஃபோர்னியாவின் சலினாஸ் ஊரில் நடந்தது. நூறு இளம்பெண்கள் மூன்று நாள் மட்டும் தாலேட், கெடாமல் காக்கச் சேர்க்கும் பாராபென், கிருமிநாசினியான டிரைக்ளோசான் ஆகியவை இல்லாத சோப்பு, ஷாம்பு, கிரீம்களுக்கு மாறினார்கள். மெத்தில் பாராபென் 44 சதவீதமும் டிரைக்ளோசான் 36 சதவீதமும் குறைந்தன. உள்ளூர் இளைஞர்களே ஆய்வை நடத்த உதவினார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. தாளில் படித்ததைவிடக் கையால் செய்தது நிற்கிறது. அங்கும் ஒரு வியப்பு: வேறு இரண்டு வகைப் பாராபென்கள் ஏறியிருந்தன. லேபிளை மட்டும் நம்பினால் இது தெரிந்திருக்காது.

நம் வீட்டில் எதை முதலில் மாற்றுவது? சூடு, எண்ணெய், நேரம் மூன்றும் சேரும் இடத்தைத் தேடுங்கள். தாலேட் எண்ணெயில் நன்றாகக் கரையும். பிளாஸ்டிக் டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும் ஊறுகாயைப் பீங்கான் ஜாடிக்கு மாற்றுங்கள். கொதிக்கும் சாம்பாரைக் கவரில் கட்டி வாங்காமல் தூக்குவாளியோடு போங்கள். சாப்பாட்டைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருந்தும் கடைகளில் அது இன்னும் புழங்குவது வருத்தமான விஷயம். தண்ணீர் கேனின் அடியைப் பாருங்கள்: முக்கோணத்துக்குள் 7 என்றோ பி.சி. என்றோ இருந்தால் அது பிஸ்பீனால் ஏ வைத்துச் செய்யும் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். வெயிலில் நின்ற கேனை வாங்காதீர்கள், வாங்கியதும் எவர்சில்வர் குடத்துக்கு மாற்றிவிடுங்கள். பிஸ்பீனால் ஏ இல்லை என்று சொல்லும் ‘பி.பி.ஏ. ஃப்ரீ’ என்ற எழுத்தை முழுதாக நம்பாதீர்கள், அதற்குப் பதிலாக வரும் பிஸ்பீனால் எஸ்ஸும் ஹார்மோனோடு விளையாடுகிறது.

சமையலறைக்கு வெளியே, வாசனை. பவுடர், சென்ட் ஆகியவற்றின் மணம் நீடிக்கவும், ஊதுபத்தித் தைலத்தை நீர்க்க வைக்கவும் டை எத்தில் தாலேட் புழங்குகிறது. கைக்குழந்தைக்கு வாசனை இல்லாததே போதும்.

என் தீர்ப்பு இதுதான். கையில் அளவான பணம் உள்ள குடும்பம் அதை எவர்சில்வர் பாத்திரத்திலும் ஜாடியிலும் போடட்டும், சோதனை பிறகு. கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்ணும் அவள் கணவரும், வேலையிடத்தில் இவற்றைத் தொட்டே பிழைப்பவர்களும் வசதி இருந்தால் முன்னும் பின்னும் சோதித்துக்கொள்ளலாம். எல்லாம் மாற்றிய பிறகும் எண் இறங்காவிட்டால் ஒளிந்திருக்கும் மல்லித்தூள் எது என்று தேட அது உதவும்.

வேலையிடம் என்றதும் பில் கவுன்ட்டரில் நிற்கும் பெண்கள்தான் என் நினைவுக்கு வருகிறார்கள். பளபளக்கும் அந்தப் பில் காகிதத்தின் பூச்சில் பிஸ்பீனால் ஏ இருக்கக்கூடும்; சானிடைசர் தடவிய ஈரக்கையில் பிடித்தால் தோலுக்குள் இன்னும் அதிகமாக இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் அந்தக் காகிதத்தில் 0.02 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் கடை வைத்திருப்பவரானால், அடுத்த முறை ரோல் வாங்கும்போது பிஸ்பீனால் எதுவும் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். நாள் முழுக்க அந்தக் காகிதத்தைக் கிழித்துக் கொடுப்பது உங்கள் கடைப் பெண்ணின் கை.