மெடலா, ஸ்டாரா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஊராட்சித் தலைவர் தேர்தலுக்காக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிளெக்ஸ் மாதிரியைப் பேத்தியின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் உன் முகம்தான். கழுத்துக்குக் கீழே இருப்பவர் யார் என்றுதான் தெரியவில்லை. காலரில் சிவப்புப் பட்டை, பட்டையில் நட்சத்திரங்கள், மார்பில் வரிசை வரிசையாக ரிப்பன். அது ஜெனரல்மாருடைய சட்டை. டிசைன் போடும் பையன் நெட்டிலிருந்து எடுத்து உன் தலையை ஒட்டிவிட்டான். மெட்ராஸ் சாப்பர்ஸில் 16 வருஷம் இருந்து நாயக்காக வந்தவனுக்கு இவ்வளவு சீக்கிரம் புரமோஷன் கொடுத்தது அந்தப் பையன் ஒருவன்தான்.

அதை மாற்றச் சொல்லிவிட்டதாகவும், உன் சொந்த மெடல்களையே குத்திக்கொண்டு படம் எடுத்துப் போடலாமா, ஓட்டுக் கேட்டு வீதிக்குப் போகும்போதும் அணியலாமா என்றும் கேட்டிருக்கிறாய். போனில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். காரணம் கேட்பாய். அதில் கொஞ்சம் என் மானமும் போகும். எழுத்தில் என்றால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

1999இல் கார்கில் சண்டை நடந்தபோது நான் ராஜஸ்தானில் ஹவில்தார் கிளார்க். உத்தரவு வந்ததும் யூனிட் முழுக்க எல்லைப் பக்கம் நகர்ந்தது. நானும் டைப்ரைட்டரும் ஒரு டென்ட்டில் போய் உட்கார்ந்தோம். மணல் காற்றில் ரிப்பன் சிக்கிக்கொள்ளும். அதுதான் நான் கண்ட போர். டைப்ரைட்டர் ரிப்பனைச் சொல்கிறேன். பிறகு மெடல் வந்தது. உனக்குத் தெரிந்திருக்கும்: அந்தப் போருக்கு இரண்டு உண்டு. மலைமேல் சண்டை நடந்த பகுதியில் இருந்தவர்களுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார். ராஜஸ்தான், பஞ்சாப் என்று மற்ற எல்லைகளில் நிறுத்தப்பட்ட எங்களுக்கு ஆபரேஷன் விஜய் மெடல். யாருக்கு எது என்று பார்ட் டூ ஆர்டரில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

2006 உள்ளாட்சித் தேர்தலில் நம் சொந்தக்காரர் ஒருவர் நின்றார். மெடல்களைக் குத்திக்கொண்டு மேடையில் வந்து உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். மைக் பிடித்தவர், "கார்கில் மலையில் எதிரியைச் சுட்டு வீழ்த்திய நம் மண்ணின் மைந்தர்" என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். பொய் சொன்னவன் நான் இல்லை. ஆனால் மைக்கை வாங்கி, "இல்லீங்க, நான் ராஜஸ்தான்ல இருந்தேன்" என்று சொல்ல எத்தனை வினாடி ஆகும்?

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது, பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் ஒருவர் என் நெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். "மெடலா, ஸ்டாரா?" என்று கேட்டார். "மெடல்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார், வேறொன்றும் சொல்லவில்லை. அதோடு பெட்டிக்குள் போனவைதான், இன்னும் அங்கேயே இருக்கின்றன.

மெடல் என்பது ஒரு எழுத்து மாதிரி. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் யூனிட்டில்தான் இருக்கிறார்கள். என்னிடம் சுதந்திரப் பொன்விழா மெடல் ஒன்று உண்டு. 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தது. அன்றைக்கு நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். உன்னிடம் ஒன்பது வருஷ மெடல் இருக்கிறது: ஒன்பது வருஷம் ஒழுங்காக இருந்ததற்கு. சைன்ய சேவா மெடல் இருக்கிறது: குறிப்பிட்ட பகுதிகளில் பணி செய்ததற்கு. மூன்றாவது சியாச்சின். அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். அங்கே மூச்சு விடுவதே ஒரு வேலை என்று நீ லீவில் வந்தபோது சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் நம் தெருவில் இந்த மூன்றையும் பார்க்கிறவர்களுக்கு மூன்றும் ஒன்றுதான்: "மூணு சண்டை போட்டு மூணு மெடல் வாங்கியிருக்கான்." நீ வாயே திறக்க வேண்டாம், பொய் தானாக நடந்து போகும்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்சனின் கதையை ராபர்ட் காரோ எழுதிய வாழ்க்கை வரலாற்றில் படித்தேன். ஓய்வுக்குப் பிறகு எனக்கு இதுதானே வேலை. ஜான்சன் அப்போது டெக்சாஸ் எம்.பி.; கடற்படை ரிசர்வில் ஒரு பதவியும் உண்டு. போர்முனையைப் பார்த்துவர ரூஸ்வெல்ட் அனுப்பினார். 1942 ஜூன் 9 அன்று நியூ கினியாவில் லே என்ற இடத்தில் இருந்த ஜப்பானியர் மீது குண்டு போடப் போன ஒரு விமானத்தில் பார்வையாளராக ஏறினார். முதலில் வேறு விமானத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சிறுநீர் கழிக்க இறங்கிவிட்டு வந்து பார்த்தால், அந்த இடத்தில் ஸ்டீவன்ஸ் என்ற லெப்டினன்ட் கர்னல் உட்கார்ந்துவிட்டார். ஜான்சன் வேறு விமானத்துக்குப் போனார். ஸ்டீவன்ஸ் போன விமானம் கடலில் விழுந்தது; ஒருவரும் பிழைக்கவில்லை.

ஜான்சன் ஏறிய விமானம் பத்திரமாகத் திரும்பியது. ஜெனரேட்டர் பழுதாகி இலக்கை எட்டாமலே திரும்பியது என்பார்கள் சிலர். ஜப்பானியர் சுட்டதில் அடிவாங்கித் திரும்பியது என்பார்கள் சிலர். எது எப்படியோ, தளபதி மெக்ஆர்தர் ஜான்சனுக்கு சில்வர் ஸ்டார் கொடுத்தார். அமெரிக்காவில் வீரத்துக்குக் கொடுக்கும் மூன்றாவது பெரிய விருது அது. விமானத்தை ஓட்டியவருக்கும் துப்பாக்கி பிடித்தவர்களுக்கும் அந்தப் பயணத்துக்காக ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்த இடம் அடுத்து வருவது. எனக்கு இந்த விருதுக்குத் தகுதியில்லை, வாங்கிக்கொள்ள முடியாது என்று ஜான்சன் ஒரு கடிதம் தயார் செய்தார். அனுப்பவில்லை. மனசாட்சி டைப் அடிக்கும் வரை வந்தது, தபால் பெட்டி வரை வரவில்லை. நான் மைக்கை வாங்காமல் இருந்ததற்கும் அதற்கும் அதிக தூரமில்லை என்று பட்டது. பிறகு அந்த விருதின் சின்னப் பின்னைக் கோட்டில் குத்திக்கொண்டவர் கழற்றவே இல்லை. 1948இல் செனட்டுக்கு நின்றபோதும் கூட்டங்களில் அதைக் காட்டினார். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் 87 ஓட்டில் ஜெயித்தார். அது அந்தப் பின் வாங்கித் தந்த ஓட்டு என்று நான் சொல்லவில்லை. அந்தத் தேர்தலின் ஓட்டுப்பெட்டிக் கதையே தனி.

சரி, தகுதியில்லாமல் வாங்கியவர் கதை அது, நான் சியாச்சினில் உண்மையாகவே இருந்தேனே என்பாய். உண்மையாகவே காயம்பட்டவர் கதையையும் கேள். ஜான் கெர்ரி வியட்நாமில் ஆற்றுப்படகில் இருந்தவர். சில்வர் ஸ்டார், ப்ரோன்ஸ் ஸ்டார், காயம்பட்டதற்கு மூன்று பர்ப்பிள் ஹார்ட். 2004 ஜூலையில் பாஸ்டனில் ஜனாதிபதி வேட்பாளராக மேடையேறியவுடன் சல்யூட் அடித்து, டியூட்டிக்கு வந்துவிட்டேன் என்றார். அடுத்த மாதமே அதே போரில் படகுப் பிரிவில் இருந்த சிலர், இவர் காயம் காயமே இல்லை என்று டிவியில் விளம்பரம் கொடுத்தார்கள். எதிராளிக் கட்சியின் மாநாட்டில் பிளாஸ்திரியில் பர்ப்பிள் ஹார்ட் படம் போட்டு ஒட்டிக்கொண்டு வந்து சிரித்தார்கள். கடற்படைப் பதிவேடுகள் கெர்ரி பக்கம்தான் இருந்தன. என்ன பிரயோஜனம்? நெஞ்சில் காட்டிய பொருளை எதிராளி பிடித்துப் பார்க்கத்தான் செய்வான். இன்னொன்று: 1971இல் போரை எதிர்த்து அமெரிக்க நாடாளுமன்ற வாசலில் கெர்ரி தன் விருதுகளை வீசினார் அல்லவா, வீசியது மெடலா, ரிப்பனா என்று முப்பது வருஷம் கழித்தும் குடைந்துகொண்டிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த டீக்கடை ஞாபகம் வந்தது.

கடல் தாண்டி அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் இலங்கையைப் பார். புலிகளோடு நடந்த போரை முடித்த ராணுவத் தளபதி சரத் பொன்சேகா 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். போரில் வென்றது யார் என்று அவரும் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பொன்சேகா தோற்றார். ஆனால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் முதலில் வந்தவர் அவர்தான். அவருடைய படையிடம் எல்லாவற்றையும் இழந்த தமிழர்கள், அவர் மெடலுக்காகவா ஓட்டுப் போட்டிருப்பார்கள்? அதே ஆண்டு ஆகஸ்டில், சீருடையில் இருந்தபோதே அரசியல் செய்தார் என்று ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்து, பதவியையும் மெடல்களையும் பறித்தது. 2015இல் ஆட்சி மாறியதும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து ஃபீல்ட் மார்ஷலும் ஆக்கினார்கள். அந்த மனிதர் போர்க்களத்தில் செய்தது, நல்லதோ கெட்டதோ, இந்த ஐந்து வருஷத்தில் மாறவில்லை. அரசியலுக்குள் வந்த மெடல் மட்டும் ஆட்சிக்கு ஏற்றபடி போய் வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டாய். பட்டங்களை ஒழித்த அரசியல் சாசனத்தின் 18ஆவது பிரிவு, ராணுவச் சிறப்புகளுக்கும் கல்விச் சிறப்புகளுக்கும் விலக்குக் கொடுக்கிறது. ஆகவே உன் மெடல் உன்னுடையது, அதில் சந்தேகமில்லை. ராணுவத்தினரின் படங்களைப் பிரச்சாரத்தில் போடக் கூடாது என்று இந்தியத் தேர்தல் ஆணையம் 2013 டிசம்பரில் கட்சிகளுக்கு எழுதியது. கட்சித் தலைவர்களோடு விங் கமாண்டர் அபிநந்தனின் படத்தையும் சேர்த்துப் பலகை வைத்ததும், 2019 மார்ச் 9 அன்று அதை மறுபடி நினைவூட்டியது. நம் தமிழ்ப் பையன் பாகிஸ்தானில் பிடிபட்டுத் திரும்பி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வேண்டும், வேண்டாம் என்று வாய் திறக்கப் பணியில் இருப்பவருக்கு உரிமையும் இல்லை. உன் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னமும் கிடையாது, அதனால் அந்தக் கடிதம் உன்னைக் கட்டுப்படுத்தாது என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.

என் கவலை வேறு. உன்னை எதிர்த்து நிற்பது மகளிர் குழு நடத்துகிற அந்தப் பெண் என்றாயே, அவர் உன்னிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ஏரி வாய்க்காலை அடைத்துக் கட்டியிருப்பவர்களில் உன் சித்தப்பாவும் ஒருவர், ஜெயித்தால் இடிப்பாயா? நீ வெறும் சட்டையோடு நின்றால் நேராகக் கேட்டுவிடுவார். மூன்று மெடலோடு நின்றால், "பட்டாளத்துக்காரனையே எதிர்த்துப் பேசுறா பாரு" என்று அவர் வாயை அடைக்க நாலு பேர் வருவார்கள். உனக்கும் அது சுகமாகத்தான் இருக்கும். எனக்கு அந்தக் கைதட்டல் சுகமாக இருந்ததே.

நோட்டீஸில் "முன்னாள் ராணுவ வீரர், மெட்ராஸ் சாப்பர்ஸ், 16 ஆண்டு" என்று ஒரு வரி போடு, அது உண்மை. அதற்குக் கீழே நீ கற்றுவந்த வேலையைப் போடு. பாலம் கட்டியிருக்கிறாய், பனியில் குழாய் இழுத்திருக்கிறாய், பம்ப் பிரித்து மாட்டத் தெரியும். நம் மேல்நிலைத் தொட்டி மோட்டார் வருஷத்தில் எத்தனை தடவை காயில் கட்டப் போகிறது? அதைப் பற்றி ஊருக்குள் பேசத் தெரிந்த ஆள் நீ ஒருவன்தான். படத்துக்கு அந்த வெளிர்நீலச் சட்டை போதும், அக்கா எடுத்துக் கொடுத்தது.

மெடல்களைப் பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருப்பார்கள், சரியாக இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்போம். என் விஜய் மெடலில் இனிஷியல் தப்பு. யாரைக் குறை சொல்ல, அந்த ஆர்டரை டைப் அடித்தவன் நான்தான்.

அன்புடன்,
மாமா