அவனைக் கொண்டுவந்தவர்கள்

வேதபகுதி: மாற்கு 8:22–26



பெத்சாயிதாவில் ஆண்டவர் சுகமாக்கிய குருடன் தானாக அவரிடம் வரவில்லை. சிலர் அவனைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் வேதத்தில் இல்லை. சர்க்கரை நோயும் குடிப்பழக்கமும் சேர்ந்திருக்கும் வீடுகளில் இப்படிப்பட்டவர்களின் ஊழியம் எவ்வளவு தேவை என்பதை இம்மாதம் தியானிப்போம்.

1. சத்தமில்லாத நோய்

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. தொடக்கத்தில் வலியும் இராது, பார்வையும் குறையாது. பிறகு குழாய்கள் கசிந்து விழித்திரை வீங்கலாம். புதிதாக முளைக்கும் பலவீனமான குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் பரவலாம். லேசர் சிகிச்சையும் கண்ணில் போடும் ஊசியும் இருக்கிற பார்வையைக் காக்க உதவும். இழந்தது முழுவதும் திரும்புவது அரிது. ஆகவே பெரியவர்கள் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட உடனேயும், பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

2. மதுவின் பங்கு

உள்ளதைச் சொல்ல வேண்டும். மதுவே இந்த விழித்திரை நோயை உண்டாக்குகிறது என்று ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லவில்லை. 2024இல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த விஷச்சாராயத்திலிருந்த மெத்தனால், கண் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு, அது வேறு. ஆனால் மிதமிஞ்சிய குடி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. உயர்ந்த அழுத்தம் விழித்திரை நோயை மோசமாக்குகிறது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். அப்போது வரும் தள்ளாட்டத்தைப் போதை என்று எண்ணி, வழியில் போகிறவர்கள் விட்டுப் போய்விடுவார்கள்.

3. நாங்கள் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் கொத்தனார் ஒருவர், கண்முன் கருப்பு நூல் மிதக்கிறது என்று எங்கள் வார்டில் சேர்ந்தார். நாங்கள் அவர் படுக்கையருகே நின்று குடியின் பாவத்தைக் குறித்து நீண்ட பிரசங்கம் செய்தோம். தலையாட்டினார், வீட்டுக்குப் போனபின் மறுபரிசோதனைக்கு வரவில்லை.

மாதங்கள் கழித்து அவர் மனைவியும் சபைச் சகோதரி ஒருவரும் அவரைக் கைபிடித்து பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். ஒரு கண் போயிருந்தது. "குடிக்கிற நாள்ல மாத்திரை போடமாட்டாரு ஐயா. ரெண்டும் சேர்ந்தா ஆபத்துன்னு யாரோ சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு மறைச்சிட்டாரு" என்றார் அந்த அம்மா. எங்கள் பிரசங்கம் அவரை மனந்திரும்பச் செய்யவில்லை, மறைக்கச் செய்தது.

வேதபகுதியை மறுபடியும் வாசித்தோம். ஆண்டவர் அந்த மனிதனின் கையைப் பிடித்து நடத்தினார். என்ன தெரிகிறது என்று கேட்டார். அவன் தனக்கு அரைகுறையாகவே தெரிகிறது என்று மறைக்காமல் சொன்னான். ஆண்டவர் கடிந்துகொள்ளாமல் இரண்டாம் முறையும் தொட்டார்.

கொத்தனாரின் மறு கண்ணை லேசர் காத்தது. இன்றும் அவர் சில நாட்கள் விழுந்துவிடுகிறார். ஆனால் விழுந்ததை மருத்துவரிடம் சொல்லுகிறார்.

4. நம் பங்கு

உங்கள் காணிக்கைகள் ஏழைகளின் சிகிச்சைச் செலவைத் தாங்குகின்றன, தேவனுக்கு ஸ்தோத்திரம். இன்னும் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவிலும் சபையிலும் சர்க்கரை உள்ள குடிகாரர் ஒருவர் இருக்கலாம். அவரை நியாயந்தீர்க்குமுன் கண் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, உள்ளதைச் சொல்லுகிறவரைத் தள்ளிவிடாத இருதயத்தையும், கைபிடித்து அழைத்துவரும் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.