எடை சரியா இருக்கு, பேச்சு வந்துச்சா?



தை மாதம் அங்கன்வாடி பணியாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், நம் குழு ஊக்குநர்கள் எல்லோருமாகச் சேர்ந்து குழந்தை வளர்ச்சி பற்றி இரண்டு நாள் பயிற்சி எடுத்தோம். வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்டதும் பாதிப் பேர் சொன்ன பதில் "எடை". ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ல் தொடங்கியது. அன்றிலிருந்து எடை போட்டுப் போட்டு அதுவே கண்ணில் நிற்கிறது.

முதல் நாள் சாயங்காலம் ஒரு பணியாளர் வீட்டுக்குப் போகாமல் நேரே ஒரு பையன் வீட்டுக்குப் போயிருக்கிறார். மூன்று வயது. எடை சரி, ஓடியாடி விளையாடுவான். "ம்மா" தவிர வார்த்தை இல்லை. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான், வசம்பு உரசித் தடவினா சரியாப் போயிரும்" என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். பணியாளர் பின்னால் நின்று தட்டைத் தட்டினார். பையன் திரும்பவில்லை. முகத்தையும் கையையும் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டிருந்தான். மறுநாள் "ஒரு வருஷமா என் கண்ணு முன்னாடிதானே இருந்தான்" என்று அழுதார். நாங்களும் தவணை விஷயமாக இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனவர்கள்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். 4 மாதத்தில் தலை நிற்கணும். 9 மாதத்தில் பிடிக்காமல் உட்காரணும். 18 மாதத்துக்குள் நடக்கணும். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி, ஓரிரு வார்த்தை சொல்லணும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசணும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

தட்டுச் சத்தத்துக்குத் திரும்பிவிட்டால் காது நல்லா இருக்கு என்றும் நினைக்க வேண்டாம். அரைகுறையாகக் கேட்கும் பிள்ளையும் பெரிய சத்தத்துக்குத் திரும்பும். கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 2013-ல் வந்த தேசிய குழந்தைகள் நலத்திட்டப்படி டாக்டர் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பார்க்கணும். அந்த நாள் பிள்ளையைக் கூலி வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். சந்தேகம் என்றால் அவர்களே மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள். அங்கே காசு கிடையாது.

அந்தப் பையனுக்கு இப்போது காதுக் கருவி பொருத்தியாச்சு. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு அம்மா பஸ்ஸில் கூட்டிப் போகிறார். அந்த இரண்டு நாள் கூலி போய்விடுவதால் குழு அவருடைய தவணையை மூன்று மாதம் தள்ளி வைத்திருக்கிறது. தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்கள் தாய் சேய் நல அட்டையைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.